மகதலேனாவின் கணக்கு: பாரதி, வள்ளத்தோள், ஆசான்

1

மகதலேனா மரியாள் விலைமகள் என்று நான்கு சுவிசேஷங்களில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு, கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் சரி, போகாதவர்களுக்கும் சரி, அவளைப் பற்றித் தெரிந்த ஒரே சங்கதி அதுதான். படத்தில், பாட்டில், நாடகத்தில், பிரசங்கத்தில் அவள் வருகிறபோதெல்லாம் அவிழ்ந்த கூந்தலும் கண்ணீருமாகவே வருகிறாள். அந்தக் கூந்தல் அவளுடையது அல்ல. வேறொரு பெண்ணிடமிருந்து எடுத்து அவள் தலையில் வைக்கப்பட்டது.

லூக்காவின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. ஊருக்குள் பாவி என்று பேரெடுத்தவள் என்று மட்டும் இருக்கிறது. என்ன பாவம் என்றும் இல்லை. சீமோன் என்கிற பரிசேயன் வீட்டில் விருந்து நடக்கிறபோது உள்ளே வந்து, அழுது, இயேசுவின் கால்களைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்துத் தைலம் பூசுகிறாள். எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் வேறு சில பெண்களின் பெயர்கள் வருகின்றன. அதில் ஒருத்தி, ஏழு பேய்கள் நீங்கிய மகதலேனா மரியாள். இந்தப் பெண்கள் தங்கள் சொந்தப் பொருளைச் செலவழித்து இயேசுவின் கூட்டத்தைப் பராமரித்தவர்கள் என்கிறது பிரதி. அதாவது கையில் காசு உள்ள பெண். நோயிலிருந்து மீண்ட பெண். ஓர் இயக்கத்துக்குச் சோறு போட்ட பெண். அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் ஒட்டவைத்தது 591-ஆம் வருடத்துப் பிரசங்கம் ஒன்று. ரோமில் போப்பாக இருந்த முதலாம் கிரகோரி, லூக்காவின் பெயரில்லாத பெண்ணும், பெத்தானியாவின் மரியாளும், மகதலேனாவும் ஒருத்தியேதான் என்று அறிவித்தார். ஏழு பேய்கள் என்பதற்கு எல்லாத் தீயொழுக்கங்களும் என்று பொருள் சொன்னார். அந்தத் தைலம், முன்பு அவள் தன் உடம்பை மணக்கச் செய்யப் பயன்படுத்தியது என்றும் சேர்த்தார். நோய் என்று இருந்தது இப்படி ஒரே பிரசங்கத்தில் ஒழுக்கக்கேடாகிவிட்டது. கிழக்குத் திருச்சபைகள் இந்த ஒட்டை ஏற்கவில்லை. மேற்கில் 1517-இல் லெஃபெவ்ர் தெதாப்ல் என்கிற பிரெஞ்சு அறிஞர் மூவரும் வேறு வேறு பெண்கள் என்று எழுதினார். 1521-இல் பாரிஸ் இறையியல் புலம் அவரைக் கண்டித்தது. கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தி அவளைப் பழைய பிம்பத்திலிருந்து பிரித்தது 1969-இல். அப்போஸ்தலர்களுக்குரிய தரத்தில் அவளுக்குத் திருவிழா கொடுத்தது 2016-இல். ஒரு பெண்ணின் மேல் எழுதிய ஒரு சொல்லை அழிக்கப் பதினான்கு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

பொங்கலூரில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரிப் பிரசங்கத்தைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். இங்கேயும் அந்தச் சொல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "கம்பெனிக்குப் போற புள்ளதானுங்களே" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர் இழுத்துச் சொன்னால், அந்த இழுவையில் என்ன இருக்கிறது என்பது பல்லடத்திலிருந்து காங்கேயம் வரை எல்லோருக்கும் தெரியும். பெயரில்லாத ஒருத்தியின் கதையை எடுத்து, சம்பாதிக்கிற ஒருத்தியின் பெயரோடு ஒட்டுகிற வேலைதான் அது. கிரகோரி செய்த அதே வேலை.

2

கவிதைகளுக்குப் போகும் முன், பாவம் என்பதை மொழி எப்படிப் பிடித்துவைக்கிறது என்று பார்த்துவிடலாம். பாவத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அதை எப்போதும் வேறொரு பொருளாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் புழங்குவன நான்கு: சுமை, கறை, நோய், கடன்.

சுமை என்று பேசியதற்குத் தமிழில் பெரிய உதாரணம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894). ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணக் கதையைக் கம்பன் வழியில் காப்பியமாக்கியவர் அவர். அங்கே பாவம் முதுகில் ஏறியிருக்கிற பாரம். பாரம் என்றால் இறக்கிவைக்கலாம். நடக்கிறவன் நடந்துகொண்டே இருக்கலாம். பாரத்தோடு நடந்தாலும் அவன் யாத்திரிகன்தான், அவனுக்கென்று ஒரு பாதை இருக்கிறது.

கறை என்று பேசினால் கதை மாறிவிடுகிறது. திருப்பூரில் கறை என்பது தொழில் சொல். செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் என்று பிரித்துப் போடுகிறாள். கறை போனால் பீஸ் பெட்டிக்குப் போகும். போகாவிட்டால் கழிவுக் குவியலுக்கு. கறைக்கு வரலாறு கிடையாது. எந்த மெஷினிலிருந்து எண்ணெய் தெறித்தது என்று யாரும் பீஸைக் கேட்பதில்லை. பாவத்தைக் கறை என்று சொல்கிற சமூகம் பெண்ணையும் அப்படித்தான் புரட்டிப் பார்க்கும்.

நோய் என்றால் குணமாக்கலாம். ஏழு பேய் நீங்கிய மகதலேனா அந்த வகை. நான்காவதான கடன்தான் லூக்காவின் கதையில் நடுவில் நிற்கிறது. விருந்து வைத்த சீமோன் மனசுக்குள் முகம் சுளிக்கிறான். அப்போது இயேசு அவனுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஒருவனுக்கு இரண்டு கடன்காரர்கள். ஒருவன் 500 தெனாரி தர வேண்டும், மற்றவன் 50. இருவருக்கும் கட்ட வழியில்லை. இரண்டு கடனையும் அவன் தள்ளுபடி செய்துவிட்டான். யார் அவனிடம் அதிக அன்பாக இருப்பான்? தெனாரி என்பது ரோமானிய வெள்ளிக்காசு. திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் கதையில் ஒரு நாள் கூலி அதுதான். ஆக 500 என்பது ஒன்றரை வருடக் கூலி. கொங்கு நாட்டு விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க முடியாமல் அதே தறியில் நின்ற குடும்பங்களுக்கு இந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. இயேசு பேசிய அராமிய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். பரமண்டல ஜெபத்தில் மத்தேயு கடன் என்று எழுதுகிற இடத்தில் லூக்கா பாவம் என்று எழுதுவதும் அதனால்தான்.

இந்த உவமையின் தர்க்கத்தைக் கவனிக்கணும். கடன் முதலில் தள்ளுபடியாகிறது. அன்பு அதற்குப் பிறகு வருகிறது. அப்படியானால் அந்தப் பெண்ணின் கண்ணீர் மன்னிப்புக்காகக் கட்டிய தவணை ஆகாது. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. சீமோன் கையிலிருக்கிற கணக்குப் புத்தகத்தை இயேசு அவன் வீட்டிலேயே, அவன் சோற்றைத் தின்றுகொண்டே செல்லாததாக்குகிறார். பின்னால் வந்த கலையும் பக்தியும் இந்த இடத்தைத்தான் பெரும்பாலும் தலைகீழாகப் புரட்டின. அழு, நன்றாக அழு, அழுத அளவுக்கு மன்னிப்பு என்று.

3

பாரதியின் 'யேசு கிறிஸ்து' மூன்றே பாட்டு. ஜெர்மன் ஓவியங்களையோ கண்ணீர்ப் பிரசங்கங்களையோ மனதில் வைத்துக்கொண்டு அதை வாசிக்கப் போகிறவருக்கு ஏமாற்றம்தான் கிடைக்கும். மகதலேனா அதில் ஒவ்வொரு பாட்டிலும் வருகிறாள். ஆனால் அவள் மேல் பாவி என்ற சொல் ஒருமுறையும் விழுவதில்லை. அழுகிற காட்சி இல்லை, கூந்தல் இல்லை, தைலம் இல்லை, சீமோன் வீடும் இல்லை. முதல் பாட்டில் அவள் உயிர்த்தெழுதலை நேரில் பார்த்த சாட்சி. இரண்டாவதில் அவள்தான் அன்பு. மூன்றாவதில் அவள்தான் பெண்மை. அவளுக்கு எதிரே அறமாக நிற்கிறவர் கிறிஸ்து.

இது சாதாரணக் காரியம் இல்லை. பாரதிக்கு முன்னால் ஆயிரத்து முந்நூறு வருடத்துப் பழக்கம் இருக்கிறது. அதை அவர் மறுத்து வாதாடவில்லை. கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார். லூக்காவை விட்டு யோவானின் இருபதாம் அதிகாரத்தைப் பிடித்துக்கொள்கிறார். அங்கே விடியலுக்கு முன் கல்லறைக்கு வந்து, உயிர்த்தவரை முதலில் பார்த்து, போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டவள் மகதலேனா. சிலுவையில் அறையப்பட வேண்டியதும் பாரதியிடம் மாறிப்போகிறது. கொல்லப்பட வேண்டியது அகந்தை. ஆணி அடிக்கப்பட வேண்டியது நம் உணர்வில். தீமை என்கிற சொல் பாட்டில் இருக்கிறது, ஆனால் அது யாவருக்கும் பொதுவான தீமை. அதைப் பெண் கணக்கில் எழுதவில்லை.

இந்தப் பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் அது விமர்சனம் ஆகாது. பாவத்தை அழிக்கிற அதே கையால் பாரதி அவளுடைய உடம்பையும் அழித்துவிடுகிறார். மகதலா என்பது கலிலேயாக் கடல் ஓரத்து ஊர். அந்த ஊர்க்காரி, சொந்தப் பணம் வைத்திருந்தவள், கல்லறைத் தோட்டத்தில் ஆள் தெரியாமல் தோட்டக்காரன் என்று நினைத்துப் பேசியவள், எல்லாம் போய் 'அன்பு', 'பெண்மை' என்று இரண்டு கருத்தாக்கங்கள் மிஞ்சுகின்றன. வேதாந்த உருவகம் எப்போதும் கேட்கிற விலை இது. பெண்ணை உயர்த்துகிறபோது அவளை வேலையிலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்தே உயர்த்துகிறது. பெண்மை என்று ஆனவளிடம் கூலி எவ்வளவு என்று கேட்க முடியாது. கடன் எவ்வளவு என்றும் கேட்க முடியாது.

4

பாரதி காலமான 1921-இல் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வள்ளத்தோள் நாராயண மேனோனின் 'மக்தலன மரியம்' வந்தது. அதற்கு 'பச்சாத்தாபம்' என்று இன்னொரு தலைப்பும் உண்டு. பாரதி ஒதுக்கிய லூக்காவின் ஏழாம் அதிகாரத்தைத்தான் வள்ளத்தோள் எடுத்துக்கொள்கிறார். கிரகோரி ஒட்டிய ஒட்டும் அப்படியே இருக்கிறது: அழகும் செல்வமும் உள்ள கணிகைதான் மரியம், சீமோன் வீட்டுக்கு வந்து அழுகிறாள், மன்னிக்கப்படுகிறாள்.

ஒரு வைதிகக் கல்வி பெற்ற கவி கிறிஸ்தவக் கதையைக் காவியமாக எழுதுவது அன்றைக்குப் பெரிய திறப்பு. கிருஷ்ண பக்தியின் மொழியை இயேசுவுக்கு மாற்றிக் கொடுத்தது கவிதையின் பலம் என்று மலையாள விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பக்தி மொழி தனியாக வருவதில்லை. சிருங்காரத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. லூக்காவில் அந்தப் பெண் அழகி என்று ஓர் எழுத்தும் இல்லை. கவிதைக்கு அவள் அழகியாக இருந்தாக வேண்டியிருக்கிறது. அழகுதான் பாவத்துக்குச் சாட்சி, கண்ணீர்தான் பரிகாரம். வாசகன் முதலில் அவள் அழகை ருசிக்கிறான். பிறகு அவள் அழுகையை ருசிக்கிறான். கடைசியில் மன்னிப்பில் பங்கெடுத்துக்கொண்டு நல்லவனாக வெளியே வருகிறான். அவளிடம் போய்வந்த ஆண்களுக்குப் பச்சாத்தாபம் உண்டா, சீமோனுக்கு உண்டா என்ற கேள்விக்குத் தலைப்பில் இடமில்லை.

பாரதியிடம் இல்லாத ஒன்று இங்கே உண்டு என்பதையும் சொல்லியாகணும். வள்ளத்தோளின் மரியத்துக்குக் கைகால் இருக்கிறது. அவள் நடக்கிறாள், குனிகிறாள், அழைக்கப்படாத வீட்டுக்குள் நுழைகிறாள். பெரிய மனிதர் வீட்டு வாசலைத் தாண்டுவதென்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தக் கவிதையைக் கீழே வைத்துவிட மாட்டார்கள். பாரதி பாவத்தை எடுத்தார், ஆளையும் எடுத்துவிட்டார். வள்ளத்தோள் ஆளைக் கொடுத்தார், பாவத்தையும் சேர்த்தே கொடுத்தார்.

5

இரண்டு வருடம் கழித்து, 1923-இல், குமாரன் ஆசானின் 'கருணா'. இது விவிலியக் கதை இல்லை, பௌத்தக் கதை. இருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஏனென்றால் அச்சு அதே அச்சு: ஒரு கணிகை, ஒரு துறவி, ஒரு மயக்கம், ஒரு மீட்சி. மதுரா நகரத்து வாசவதத்தை, உபகுப்தன் என்கிற இளம் பிக்குவுக்குத் திரும்பத் திரும்ப ஆள் அனுப்புகிறாள். நேரம் வரவில்லை என்று அவன் பதில் சொல்லி அனுப்புகிறான். பிறகு ஒரு காதலனைக் கொன்ற குற்றத்துக்காகக் கைகால் வெட்டப்பட்டு அவள் சுடுகாட்டில் கிடக்கிறபோது அவன் வருகிறான். நேரம் வந்துவிட்டது.

லூக்காவில் பெண் வீட்டுக்குள் வருகிறாள். இங்கே துறவி சுடுகாட்டுக்குப் போகிறான். தீண்டாமையை உடம்பில் அனுபவித்த சமூகத்திலிருந்து வந்தவர் ஆசான். ஒதுக்கிய இடத்துக்கு அறம் நடந்து போக வேண்டும் என்று அவர் எழுதியதன் கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கருணை ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? அவள் உடம்பு முழுசாக இருந்தவரை நேரம் வரவில்லை. வெட்டுண்ட பிறகுதான் பேசத் தகுதியானவள் ஆகிறாள். பெண்ணுடல் அழிவதை மீட்சிக்கு முன்நிபந்தனையாக வைக்கிற கதையாடல் இது. துறவியின் உறுதியைச் சோதிக்க அவள் வந்தாள், அவனுடைய கருணையைக் காட்ட அவள் செத்தாள்.

நம்மிடமே இதற்கு ஒரு பழைய மறுப்பு இருக்கிறது. 'மணிமேகலை'யில் கணிகையர் குலத்தில் பிறந்தவள்தான் மணிமேகலை. அங்கே மயங்கித் திரிகிறவன் இளவரசன் உதயகுமாரன். பாவத்துக்காக அவள் யார் காலிலும் விழுந்து அழுவதில்லை. அமுதசுரபியைக் கையில் எடுத்துப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். எட்டாம் அதிகாரத்து மகதலேனாவுக்கு, இயக்கத்தைத் தன் காசில் பராமரித்தவளுக்கு, உண்மையான சகோதரி இவள்தான். மூன்று நவீன மகாகவிகளுக்கும் தோன்றாத உறவு இது.

6

பாவத்தை எதுவாகப் பேசுகிறோம் என்பது கவிதைக்குள் மட்டும் நிற்கிற விவகாரம் இல்லை. அயர்லாந்தில் அந்தப் பேச்சுக்கே கட்டடம் கட்டினார்கள். மகதலேனாவின் பெயரைத் தாங்கிய விடுதிகள், உள்ளே சலவைக்கூடம். கல்யாணம் ஆகாமல் தாயானவர்கள், அநாதைப் பெண்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள், வீட்டுக்கு வேண்டாதவர்கள் எல்லோரும் அங்கே கன்னியாஸ்திரீகளின் மேற்பார்வையில் ஊர்த் துணியைத் துவைத்தார்கள். கூலி கிடையாது. 1922-இலிருந்து கடைசிக் கூடம் மூடப்பட்ட 1996 வரை சுமார் 10,000 பெண்கள் என்று அரசு விசாரணை அறிக்கை 2013-இல் சொன்னது. அந்த வருடமே பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கறை என்ற உருவகம் நேரடியாகச் சலவைத் தொட்டியானது இப்படி. உன் கறையைக் கழுவு என்று சொல்லி அடுத்தவன் துணியின் கறையை இலவசமாகக் கழுவ வைத்தார்கள்.

நம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் சொல் மட்டும் வேறு. 2000-களில் பேர் பெற்ற அந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மாங்கல்யத் திட்டம் என்றும் சொன்னார்கள். தென்மாவட்டங்களிலிருந்து கூட்டிவரப்பட்ட இளம்பெண்கள், மூன்று வருட ஒப்பந்தம், மில் ஹாஸ்டல், வெளியே போகக் கட்டுப்பாடு. காலம் முடிந்தால் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய், கல்யாணத்துக்கு. 2011-இல் நெதர்லாந்தின் ஸோமோ ஆய்வு நிறுவனமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டு வாங்குவோர் வரை இந்தப் பெயர் எட்டியது. இதற்குள் நடந்த சொல்விளையாட்டைப் பாருங்கள். மாசாமாசம் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, அதற்குத் தாலி என்று பெயர் வைத்தார்கள். அயர்லாந்தில் பாவம் என்று சொல்லிக் கூலியை மறுத்தார்கள். இங்கே புண்ணியம் என்று சொல்லிக் கூலியைத் தள்ளிவைத்தார்கள். நடுவில் ஓடிப்போனால், உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால், அந்தப் பணம் சந்தேகம்தான். கணக்குப் புத்தகம் எப்போதும் சீமோன் கையில்.

இதைத் தமிழில் வெகுமுன்பே கண்டுகொண்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936-இல் வந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற அவருடைய நாவல், வலையைப் பின்னியது எந்தெந்தக் கைகள் என்று கேட்கிறது. தனியொருத்தியின் நெஞ்சுக்குள் பாவத்தைத் தேடுவதை விட்டு, பொட்டுக்கட்டு, தரகு, சொத்து என்று ஏற்பாட்டுக்குள் தேடுகிறது. தேவதாசி முறைக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. கவிகள் கணிகையின் கண்ணீரைப் பாடிக்கொண்டிருந்த அதே தலைமுறையில், அந்த முறைக்குள் வாழ்ந்து வெளியே வந்த ஒருத்தி அழாமல் உரைநடை எழுதினாள். நம் இலக்கிய வரலாறுகள் பிரச்சாரம் என்று சொல்லி அவளை நெடுங்காலம் ஓரத்தில் வைத்தன.

யோவானில் மகதலேனாவிடம் ஒப்படைக்கப்பட்டது ஒரு செய்தி. லூக்காவின் கடைசி அதிகாரத்தில் அந்தப் பெண்கள் வந்து சொன்னபோது சீடர்கள் அதைப் பிதற்றல் என்று நினைத்து நம்பவில்லை. பாவி என்ற பட்டம் பிறகு வந்தது. நம்பாமை முதல் நாளே வந்துவிட்டது. மில் ஹாஸ்டலிலிருந்து பெண்கள் சொன்னதையும் இங்கே வெகுநாள் "சும்மா சொல்லுதுங்க" என்றுதான் கேட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை விமர்சகர்களிடமும் பத்திரிகை நடத்துகிற நண்பர்களிடமும்தான். பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் வேலை செய்த பெண்கள் எழுதுகிறார்கள்; இனியும் எழுதுவார்கள். அந்த எழுத்து வரும்போது அதை வாக்குமூலம், ஆவணம், அனுபவப் பகிர்வு என்று தனி அலமாரியில் அடுக்கிவிட்டு, கவிதை என்றால் பாரதியும் வள்ளத்தோளும் ஆசானும் என்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே மேஜையில் வைத்து, அதே கடுமையோடு, வரி வரியாக வாசிக்கணும். பாவம் எதுவாகப் பேசப்படுகிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது, பேசுகிறவளுக்குப் பெயர் இருக்கிறதா என்று மூவரிடமும் கேட்ட கேள்விகளை அவர்களிடமும் கேட்கணும். பதில் வேறாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.